வகுப்பில் எல்லாரும் ஏன் சிரித்தார்கள்

பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் கல்லூரியில் நான் பி.ஏ. வரலாறு சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அப்போது எங்களுக்குப் பாடம் என்றால் டிக்டேஷன்தான். மேடம் வருவார், வருகை எடுப்பார், பிறகு கையில் தன் பழைய நோட்டோடு பெஞ்சுகளுக்கு நடுவே நடக்கத் தொடங்குவார். நடந்துகொண்டே சொல்வார், நாங்கள் எழுதுவோம். கமாவும் முற்றுப்புள்ளியும் புதுப் பத்தியும்கூட அவர் வாயிலிருந்தே வரும். மணி அடித்தால் எந்தச் சொல்லில் நிற்கிறாரோ அங்கேயே நிறுத்துவார். மறுநாள் அடுத்த சொல்லிலிருந்து ஆரம்பம். புத்தகங்கள் நூலகத்தில் கண்ணாடி அலமாரிக்குள் இருந்தன. அவற்றைத் தேடிப் போக வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. மேடம் சொன்னதை எழுதி, எழுதியதை மனப்பாடம் செய்து, பரீட்சையில் கொட்டினால் போதும்.

இந்த ஏற்பாடு முழுக்கக் காதை நம்பி நடக்கிறது என்று எனக்குத் தெரியவந்தது, என் வலது பக்கத்தில் ஒருத்தி வந்து உட்கார்ந்த பிறகுதான்.

ஏரல் பக்கத்துப் பெண். இரட்டைச் சடை, நெற்றியில் திருநீறு, மடியில் திறந்த நோட்டு. மேடம் சொல்லத் தொடங்கியதும் நாங்கள் எல்லாரும் குனிந்தோம். அவள் குனியவில்லை. என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வரி எழுதினால் அவள் அரை வரி எழுதுவாள். திடீரென்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"ஏட்டி, கைய எடுத்து எழுது. மறைக்குது!"

மேடம் நின்றுவிட்டார். "யாரது?"

அவளுக்கு மேடம் கேட்டதும் தெரியவில்லை, தன் குரல் எவ்வளவு தூரம் போயிற்று என்பதும் தெரியவில்லை. நான் எழுந்து நின்று, "இந்தப் புள்ளைக்குக் காது கேக்காது போல மேடம்" என்றேன். அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மேடத்துக்கும் அப்போதுதான். "ஓ, அட்மிஷன்ல சொன்னாவ" என்று அவளைப் பார்த்தார். "சரி, பக்கத்துல பாத்து எழுதிக்கச் சொல்லு" என்றுவிட்டு நடையைத் தொடர்ந்தார்.

நான் அவளை என் இடது பக்கத்துக்கு மாற்றி உட்கார வைத்தேன். வலது கையால் எழுதுகிறவளின் நோட்டு இடது பக்கம் இருக்கிறவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். மூன்று வருடமும் அவள் அங்கேயேதான் இருந்தாள்.

இரண்டாம் வகுப்பு படிக்கும்போது வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்குக் காது போயிருக்கிறது. அதற்குள் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியிருந்தாள். பிறகு பாளையங்கோட்டையில் காது கேளாதவர்களுக்கான பள்ளியில் படித்து, பன்னிரண்டாம் வகுப்பை எல்லாரும் படிக்கிற பள்ளியில் முடித்திருந்தாள். எதிரே நின்று சொன்னால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், பேசவும் செய்வாள். சில எழுத்துகள் உதிர்ந்து போயிருக்கும், ஏற்ற இறக்கம் இருக்காது, ஆனால் இரண்டு நாள் பழகிவிட்டால் புரியும். அவள் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்தது, அது காது கேட்ட கடைசி நாள்வரை அவள் கேட்ட ஏரல் பேச்சாகவே இருந்ததுதான். சினிமாப் பேச்சோ ரேடியோப் பேச்சோ அதில் ஒட்டவே இல்லை. பத்தொன்பது வயசுப் பெண் சின்னப் பிள்ளை மாதிரி "அங்கன பாரேன், இங்கன பாரேன்" என்று இழுக்கும்போது ஹாஸ்டலில் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

பார்த்து எழுதுவது சில வாரம்கூட ஓடவில்லை. மேடத்தின் வேகத்துக்கு நான் ஓட, என் வேகத்துக்கு அவள் ஓட, மணி அடிக்கும்போது அவள் இரண்டு பத்தி பின்னால் நின்றாள். மீதியை ஹாஸ்டலில் எழுதுவாள். அப்போது எனக்கு நோட்டு இருக்காது. ஒரு திங்கட்கிழமை ஊரிலிருந்து வந்தவள் பையிலிருந்து ஒரு கட்டுக் கார்பன் தாளை எடுத்து என் மடியில் வைத்தாள்.

அவள் அப்பா ஏரலில் பத்திரம் எழுதுகிறவர். சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரில் சின்னக் கடை. எதை எழுதினாலும் நகலோடு எழுதிப் பழகிய மனிதர். "எங்கப்பாட்ட சொன்னேன். 'கூறுகெட்டவளே, ஒரே நேரத்துல ரெண்டா எழுதச் சொல்ல வேண்டியதுதான'ன்னாவ" என்று சொல்லிச் சிரித்தாள்.

அன்றிலிருந்து நோட்டை விட்டுவிட்டுத் தனித்தாளில் எழுதினேன். மேல் தாள் எனக்கு, நடுவில் கார்பன், கீழ்த்தாள் அவளுக்கு. அழுத்தி எழுத வேண்டும் என்பதால் பந்துமுனைப் பேனா. என் நடுவிரலில் முதல் மாதமே காய்த்துவிட்டது. அவளுக்கு நீல எழுத்தில் பாடம் கிடைத்தது. எழுத வேண்டிய வேலை இல்லாததால் வகுப்பு நேரம் முழுக்க அவள் கண்ணுக்கு ஓய்வு. மேடத்தின் உதட்டைப் பார்ப்பாள், மேடம் திரும்பினால் ஜன்னலைப் பார்ப்பாள், எங்களையெல்லாம் பார்ப்பாள்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம்தான் அது நடந்தது. மேடம் ஏதோ ஒரு மன்னனின் ஆட்சிச் சிறப்பைச் சொல்லிக்கொண்டிருந்தார். "மன்னன் தன் குடிமக்களை நோக்கி அறிவித்ததாவது, இரட்டை மேற்கோள்" என்று நிறுத்தி மூச்சு வாங்கினார். அந்த இடைவெளியில் வெளியே ரோட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

வகுப்பு வெடித்துவிட்டது. மேடம்கூடச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. பக்கத்தில் அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏன்? ஏன் எல்லாரும் சிரிச்சிய?"

நான் சிரிப்பை அடக்க முடியாமல் கையை ஆட்டினேன். "ஒண்ணுமில்லட்டி."

அதற்கப்புறம் மணி அடிக்கும்வரை அவள் என் பக்கம் திரும்பவில்லை. ஹாஸ்டலிலும் பேசவில்லை. சாயங்காலம் துணி காயப்போடும் இடத்தில் பிடித்து நிறுத்திக் கேட்டேன். கையில் இருந்த ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்துத் திரும்பினாள்.

"ஒண்ணுமில்லன்னு இனிமே எங்கிட்ட சொல்லாத. ஒண்ணுமில்லாததுக்கு ஒரு கிளாஸே சிரிக்காது. எங்க வீட்ல அப்பா, அம்மா, அண்ணன் எல்லாரும் இதத்தான் சொல்லுதாவ. சாப்பிட உக்காந்தா பேசுதாவ, சிரிக்காவ. என்னன்னு கேட்டா, 'ஒண்ணுமில்ல, பொறவு சொல்லுதேன்.' அந்தப் பொறவு ஒரு நாளும் வந்ததில்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். நான் அறைக்குப் போய் ஒரு தாளை எடுத்து, மன்னன், மேடத்தின் மூச்சு, இரட்டை மேற்கோள், இரும்புக்காரன், சுவர்ப் பக்கம் திரும்பிக் குலுங்கிய தோள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். மத்தியானம் வர வேண்டிய சிரிப்பு அவளுக்குச் சாயங்காலம் வந்தது. கொடிக் கம்பைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தாள். துணி எடுக்க வந்த பிள்ளைகள், "என்னட்டி ஆச்சு ரெண்டு பேருக்கும்?" என்று கேட்டார்கள். அவளே அந்தத் தாளை அவர்களிடம் நீட்டினாள்.

மறுநாளிலிருந்து தாளின் இடது ஓரத்தில் நான்கு விரல் அகலம் விட்டு ஒரு கோடு போட்டேன். கோட்டுக்கு வலப் பக்கம் பாடம். இடப் பக்கம் வகுப்பு. பாடம் மேடத்தின் தமிழில் இருக்கும். ஓரம் எங்கள் பேச்சில் இருக்கும். 'மழை வருது. ஓட்டுல சத்தம். மேடம் தொண்டை கிழியக் கத்துதாவ.' 'பின் பெஞ்சுல யாரோ மிட்டாய்த் தாளைப் பிரிக்கா. மேடத்துக்குக் கேட்டுட்டு.' 'இப்ப எல்லாரும் எழுந்து பாக்கது, வெளிய பேண்டு சத்தம். கல்யாணமா இருக்கும்.' 'இந்த வரி எனக்கே கேக்கல. மேடம் போர்டைப் பாத்துப் பேசுதாவ.' கடைசியில் சொன்னது அடிக்கடி வரும். மேடத்துக்கு ஆண்டுகளையும் பெயர்களையும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, அதைப் பார்த்துக்கொண்டே பேசுகிற பழக்கம் இருந்தது.

எப்படி எழுத வேண்டும் என்பதையும் அவள்தான் எனக்குப் பழக்கினாள். நான் எழுத்தைச் சுருக்கினால் பிடிக்காது. "நீ ஒனக்கு எழுதல, எனக்கு எழுதுத. 'ஆ.மு.' ன்னா எனக்கு என்ன தெரியும்? ஆட்சி முறையா, ஆறுமுகமா?" யாராவது கேள்வி கேட்டால் யார் கேட்டது என்று போட வேண்டும். ஒரு தடவை நான் "சங்கம் தவிர்த்த சோழன்" என்று எழுதியிருந்தேன். அவள் சாயங்காலம் வந்து, "சங்கத்த அவன் எதுக்குத் தவிர்த்தான்?" என்று கேட்டாள். மறுநாள் நூலகத்தில் கண்ணாடி அலமாரியைத் திறக்கச் சொல்லி, ஒரு தடித்த புத்தகத்தில் விரலை வைத்துக் காட்டினாள். 'சுங்கம் தவிர்த்த சோழன்.' வரியை நீக்கியவன். விசாரித்தால் வகுப்பில் பாதிப் பேர் நோட்டில் சங்கம்தான் இருந்தது. காதில் விழுந்ததை நாங்கள் அப்படியே நம்பியிருந்தோம். அவளுக்குக் கையில் இருந்தது எழுத்து மட்டும்தான். அதனால் அதை உரசிப் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வாள்.

இரண்டாம் வருடம் கோடை தொடங்கும் சமயம் எனக்கு அம்மை போட்டுவிட்டது. வார்டன் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். என் வீடு விக்கிரமசிங்கபுரத்தில். அப்பாவுக்கு நூல் மில்லில் வேலை. மில் லைன் வீடுகளில் ஒன்றில் இருந்தோம். அம்மா வாசலில் வேப்பங்குழை கட்டி, ஜன்னலோரம் எனக்குப் படுக்கை போட்டுவிட்டாள். வெளியாட்கள் உள்ளே வரக்கூடாது. உடம்பு எரிச்சலைவிட எனக்குப் பெரிய கவலை, அங்கே அவளுக்கு யார் எழுதுவார்கள் என்பதுதான்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அரைத் தூக்கத்தில் கண்ணைத் திறந்தேன். ஜன்னலுக்கு வெளியே அப்பா நின்றுகொண்டிருந்தார். காலை ஷிப்ட் முடிந்து வந்த கோலம், தலையில் இன்னும் பஞ்சுத் துகள். எதிரே, முற்றத்துக்கு வெளியே, அவள். இரண்டு பேர் கையும் ஆடிக்கொண்டிருந்தது, வாய் அசைந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லை. எனக்கு ஒரு நிமிஷம் காய்ச்சலில் காது அடைத்துவிட்டதோ என்று பயம் வந்துவிட்டது. அடுக்களையில் அம்மா பாத்திரம் உருட்டுவது கேட்டபிறகுதான் சமாதானமானது.

அப்பாவுக்கு நூற்புப் பிரிவில் வேலை. அங்கே மிஷின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. எல்லாரும் உதட்டாலும் கையாலும்தான் பேசிக்கொள்வார்கள். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்துவிட்டது. மீசையை முறுக்கினால் மேஸ்திரி வருகிறார். வருடக்கணக்காக அப்படிப் பேசி, அப்பாவுக்கு எந்தச் சொல்லையும் உதட்டில் திருத்தமாக வைக்கிற பழக்கம் வந்துவிட்டது. எதிராளி முகத்தைப் பார்க்காமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். வீட்டில் குரலோடு பேசினால் தெருவுக்கே கேட்கும். அதனால் அம்மாவிடம் தினம் திட்டு. சத்தம் போடாமல் பேச அவருக்கு வாகாக ஓர் ஆள் கிடைத்தது அன்றைக்குத்தான்.

லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தப் பேச்சு கொஞ்சம் புரியும். நான் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாப்பிட்டியாம்மா?" அப்பாவின் உதடு.

"அம்பாசமுத்திரத்துல இட்லி தின்னேன்." அவளும் குரலை விட்டுவிட்டிருந்தாள்.

"இட்லி எந்த மூலைக்கு? இரு, சோறு தரச் சொல்லுதேன். வெளிய உக்காந்து சாப்பிடலாம்."

"எனக்கு அம்மை சின்னதுலயே வந்துட்டு. உள்ள வந்தா என்ன?"

அப்பா வீட்டுப் பக்கம் கட்டைவிரலைக் காட்டி மீசையை முறுக்கினார். அம்மாவைத்தான் சொன்னார். அவளுக்கு அது எப்படிப் புரிந்தது என்று தெரியாது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளேயிருந்து, "யாரு அங்கன? ஆளு நிக்க மாதிரி இருக்கு, சத்தத்தக் காணும்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அப்பா நிமிர்ந்து, தெருவே அதிர, "நம்ம புள்ளைக்க கூடப் படிக்க புள்ள வந்திருக்கு!" என்றார்.

அவள் முற்றத்தில் முருங்கை நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்புறம் ஜன்னலுக்கு வந்தாள். என் முகத்துக் கொப்புளங்களைப் பார்த்து முகத்தைச் சுளிக்கவில்லை. பையிலிருந்து ஒரு கத்தைத் தாள் எடுத்து ஜன்னல் கம்பி வழியாக நீட்டினாள். நீல எழுத்து. பல கையெழுத்து. நான் இல்லாத நாட்களில் வகுப்பில் ஆளுக்கு ஒரு நாள் என்று கார்பன் வைத்து எழுதியிருக்கிறார்கள்.

"பாதி ஒப்பேறாது" என்றாள். "ஒருத்தி எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு. இன்னொருத்தி, 'முக்கியமானத மட்டும் எழுதியிருக்கேன்'ங்கா. எது முக்கியம்னு அவ முடிவு பண்ணிட்டா பாரு."

தாள்களைப் புரட்டினேன். எல்லாவற்றிலும் இடது ஓரத்தில் கோடு இருந்தது. ஆனால் ஓரத்தில் எழுதியிருந்தது அவள். எனக்காக. 'மேடம் இன்னைக்குக் கண்ணாடி மாத்திருக்காவ, அடிக்கடி மூக்கைத் தொடுதாவ.' 'மூணாவது பெஞ்சுக்காரி பாடம் முழுக்க அழுதா. யாரும் பாக்கல. சாயங்காலம் கேட்டேன், அவ வீட்ல மாப்பிள்ளை பாத்துட்டாவளாம்.' 'ஜன்னல் வெளிய ஒரு குருவி கொசுவலை நாரைத் தூக்கிட்டுப் போச்சு.' ஒன்றரை வருடம் அதே வகுப்பில் உட்கார்ந்தும் நான் இப்படி ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. நான் தாளையே பார்த்து எழுதிக்கொண்டிருந்தேன். கொசுவலை நாரைப் படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மையில் கண்ணைக் கசக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்ததால் அப்படியே விட்டுவிட்டேன்.

"இன்னொண்ணு இருக்கு" என்றாள். "மேடத்துட்ட போனேன்."

"எதுக்குட்டி?"

"அவிய நோட்ஸையே கேக்கதுக்கு. எல்லாரும் எழுதுனத நான் வாங்கதுக்கு, அவிய கைல இருக்கதையே குடுத்தா என்ன? 'நான் யாருக்கும் குடுக்கதில்லம்மா, என் கையெழுத்து எனக்கே தடுமாறும்'னாவ. நான் விடல. நீ எழுதுன கட்ட அப்படியே எடுத்து மேசை மேல வச்சேன். 'இத வச்சுத்தான் மேடம் படிக்கேன்'னேன்."

எனக்கு உடம்பு எரிச்சல் எல்லாம் போய்விட்டது. "ஓரத்தோடயா?"

"ஓரத்தோடதான்."

"படிச்சாவளா?"

"ஸ்டாப் ரூம்ல உக்கார வச்சுக்கிட்டே படிச்சாவ. பக்கம் பக்கமா. பேரீச்சம்பழத்துக்குச் சிரிச்சாவ. பொறவு சிரிக்கல. 'மேடம் போர்டைப் பாத்துப் பேசுதாவ'ன்னு நீ எழுதிருக்க பாரு, அது வரும்போதெல்லாம் வெரல வச்சு வச்சுப் பாத்தாவ. கடைசில, 'நான் இப்படியா செய்யுதேன்?'ன்னு கேட்டாவ. 'ஆமா மேடம்'னேன்."

"என்னட்டி பண்ணி வச்சிருக்க! நான் இனிமே அந்த கிளாஸுக்குள்ள எப்படிப் போவேன்?"

"நடந்துதான்" என்றாள்.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பரீட்சையும் கோடை விடுமுறையும் முடிந்து, நான் வகுப்புக்குத் திரும்பிப் போனபோது மூன்றாம் வருடமே தொடங்கியிருந்தது. முதல் நாள் மேடம் உள்ளே வந்ததும் நான் முன்னால் இருந்தவள் முதுகுக்குப் பின் ஒளிந்தேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. நேராக எங்கள் பெஞ்சுக்கு எதிரே வந்து நின்றார். அவளைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தையும் பிள்ளைக்குச் சோறூட்டுவதுபோல் வாயைத் திறந்து திறந்து, "வ...ண...க்...க...ம்" என்றார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான். மற்றவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு நாள் எழுந்தாள்.

"மேடம், எப்பவும் போல பேசுங்க. அப்படி வாயப் பொளந்தா எல்லாமே 'ஆ' மாதிரிதான் இருக்கு. திரும்பாம இருந்தாப் போதும்."

மேடம் கையிலிருந்த சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அப்பாடா. எனக்கும் தாடை வலிக்குதும்மா" என்றார்.

நோட்ஸும் வந்தது. ஆனால் நாங்கள் நினைத்த மாதிரி இல்லை. மேடம் தன் பழைய நோட்டை அவளிடம் கொடுக்கவில்லை. கல்லூரி ஆபீசில் டைப் அடிக்கிற அக்காவிடம் உட்கார்ந்து, ஒரு பாடத்தை முழுக்கச் சொல்லி, நகல் எடுக்கும் மிஷினுக்கான ஸ்டென்சில் தாளில் அடிக்க வைத்திருந்தார். ஒரு பிரதிக்காகத்தான் போயிருக்கிறார். அந்த அக்காதான், "ஒருத்திக்கு எடுத்தாலும் அத்தனை பேருக்கும் எடுத்தாலும் ஸ்டென்சில் ஒண்ணுதான் மேடம். உருளையச் சுத்தறதுதான் வேல" என்றாராம். மேடம், "அப்ப எல்லாருக்கும் சுத்துங்க" என்று சொல்லியிருக்கிறார்.

ஒரு வியாழக்கிழமை சைக்ளோஸ்டைல் மையின் மண்ணெண்ணெய் வாடையோடு எங்கள் ஒவ்வொருவர் கையிலும் தாள்கள் வந்தன. வரப்போகிற வாரத்துப் பாடம், தலைப்பு போட்டு, பெயர்களெல்லாம் பிழையில்லாமல். "படிச்சுட்டு வாங்க" என்றார் மேடம்.

திங்கட்கிழமை வந்தது. மேடம் வந்தார், வருகை எடுத்தார், பெஞ்சுகளுக்கு நடுவே இரண்டடி நடந்தார், நின்றார். சொல்வதற்கு ஒன்றுமில்லை; எல்லாம் எங்கள் கையில் இருந்தது. நாங்கள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தோம். எழுதுவதற்கும் ஒன்றுமில்லை. ஒரு முழு மணி நேரம் எல்லாருக்கும் முன்னால் காலியாகக் கிடந்தது. மேடம் அத்தனை வருடம் பாடம் நடத்தியவர், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். நான் அவரை அவ்வளவு பக்கத்தில் அன்றைக்குத்தான் பார்த்தது போல இருந்தது.

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார்.

எங்களுக்குச் சந்தேகம் கேட்டுப் பழக்கமில்லை. டிக்டேஷனில் சந்தேகம் என்றால், 'மேடம், அந்தக் கடைசி வார்த்தை?' என்பதுதான்.

என் இடது பக்கம் அசைவு. அவள் எழுந்து நின்றாள். கையில் சைக்ளோஸ்டைல் தாள்.

"மேடம், இதுல 'கொற்கை பாண்டியரின் பெரும் துறைமுகமாக விளங்கியது'ன்னு போட்டிருக்கிய. கொற்கை எங்க ஊருக்குப் பக்கந்தான். எங்க சித்திய அங்கனதான் கட்டிக் குடுத்திருக்கு. அங்கன கடலே கெடையாதே. வயலும் வாழையுமாத்தான் இருக்கு. கப்பல் எங்கன வந்து நின்னுச்சு?"

அவள் குரலுக்குப் பழகாத பின் பெஞ்சுக்காரர்களுக்குக்கூட அது புரிந்தது. மேடம் அவளையே பார்த்தார். அந்த வரியை அவர் எத்தனை வகுப்புகளுக்குச் சொல்லியிருப்பார். நாங்களும் பத்தாம் வகுப்பிலிருந்தே எழுதிக்கொண்டிருக்கிறோம்.

"ஆறு மண்ணக் கொண்டாந்து தள்ளித் தள்ளிக் கடல் விலகிப் போயிருக்கும்பாவ" என்றார் மெதுவாக. பிறகு, "ஆனா நான் அங்க போனதில்லம்மா. நீ கேக்க மாதிரி நின்னு பாத்ததில்ல."

"போவோமா மேடம்?" என்று யாரோ கேட்டார்கள். யார் என்று எனக்கு நினைவில்லை. எழுதி வைக்கவில்லை.

போனோம். பிரின்ஸிபாலிடம் அனுமதி வாங்கி, ஏரலுக்குப் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ். அவள் அப்பா பத்திரக் கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்தார். மெலிந்த மனிதர், காதில் பேனா. பஸ்ஸில் என் பக்கத்தில் நின்று, என் காய்த்த விரலைப் பார்த்து, "நம்ம தொழில்காரப் புள்ள" என்றார்.

கொற்கையில் அவள் சொன்ன மாதிரியேதான் இருந்தது. வாழை, நெல், ஒரு குளம், குளக்கரையில் கோவில், பழைய வன்னி மரம். கண்ணுக்கு எட்டின தூரத்தில் கடல் இல்லை. மேடம் வெயிலில் குடை பிடித்து நின்று நாலு பக்கமும் பார்த்தார். வரப்பில் வந்த ஒரு பெரியவரை அவள்தான் போய் நிறுத்தினாள். அவர் வாய் நிறைய வெற்றிலையோடு ஏதோ சொன்னார்.

"அண்ணாச்சி, வெத்தலையத் துப்பிட்டுச் சொல்லுங்க. ஒங்க வாய் எனக்குத் தெரியணும்" என்றாள்.

அவர் அவள் அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையசைத்தார். மரியாதையாகத் தள்ளிப்போய்த் துப்பிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார் அவர்.

"கப்பலப் பத்தி எனக்கு என்ன தாயி தெரியும்? கெணறு வெட்டுனா ஆழத்துல சிப்பியும் சங்குமா வரும். அம்புட்டுத்தான். எங்க வீட்டு வாசல்ல ஒரு குமியே கெடக்கு, பாக்கியளா?"

பார்த்தோம். வெளுத்துப்போன சிப்பிகள், உடைந்த சங்குகள், எலுமிச்சைச் செடிக்கு அடியில் குப்பையோடு கிடந்தன. மேடம் குடையை மடக்கிவிட்டுக் கீழே குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். எங்களில் யாரும் ஒரு குறிப்பும் எடுக்கவில்லை. குளக்கரையில் வன்னி மரத்தடியில் புளிச்சோறு தின்றுவிட்டுத் திரும்பினோம். மறுவருடம் எங்களுக்குப் பின்னால் வந்த பிள்ளைகளின் சைக்ளோஸ்டைல் தாளை ஒருத்தி காட்டினாள். கொற்கைப் பத்தியில் ஒரு வரி கூடியிருந்தது: 'இன்றும் அவ்வூரில் கிணறு தோண்டும்போது கடற்சிப்பிகள் கிடைக்கின்றன.'

நாங்கள் இரண்டு பேரும் பாஸானோம். அவள் என்னைவிட அதிக மார்க். அது எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது, அவளிடம் சொன்னேன், திருப்தியாகத் தலையாட்டினாள். நான் பி.எட். படித்து ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். அவள் அப்பாவோடு பத்திரக் கடையில் உட்கார்ந்தாள். தொண்ணூறுகள் முடிவதற்குள் அவளே தனியாகப் பத்திரம் எழுதத் தொடங்கிவிட்டாள்.

ஒரு விடுமுறையில் பார்க்கப் போயிருந்தேன். வாங்குபவர், விற்பவர், சாட்சிகள் என்று ஒரு கூட்டம் கடை முன்னால் நின்றது. மேசைக்கு எதிரே ஒரே ஒரு நாற்காலி, வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி போட்டிருந்தது. பேச வேண்டியவர் அதில் உட்கார்ந்து, அவளைப் பார்த்து, ஒவ்வொருவராகத்தான் பேச வேண்டும். குனிந்துகொண்டு முணுமுணுத்தவரை, "நிமிந்து சொல்லுங்க" என்றாள். அவர் நிமிர்ந்தார். பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா என்னிடம் குனிந்து, "பொய் சொல்ல வாரவனுக்குத்தான் அந்த நாற்காலில உக்காரக் கொஞ்சம் கஷ்டமா இருக்கு" என்றார்.

அவள் நிமிர்ந்து எங்கள் இரண்டு பேர் உதட்டையும் பார்த்தாள். "என்ன சொல்லுதாவ?" என்று கேட்டாள். நான் ஒன்றுவிடாமல் சொன்னேன்.